உறைபனியில் ஒரு ரெட்வுட் காடு

டேனியல் ஃபாரன்ஹைட் தன் பாதரச வெப்பமானியைச் செய்தது 1714இல். ஊர்தோறும் வெப்பநிலையைக் குறித்துவைக்கும் வழக்கம் பரவியது அதற்கும் வெகுகாலம் கழித்து. ஆனால் “மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதி இன்றைக்கு இருப்பதைவிட எட்டு டிகிரி கூடுதல் வெப்பமாக இருந்தது” என்று ஒரு வரி செய்தித்தாளில் வெகு இயல்பாக வந்துவிடுகிறது. படிப்பவர்களில் சிலர் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். சிலர், வாய்க்கு வந்ததை எழுதுகிறார்கள் என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். இரு தரப்பாருக்கும் உள்ளுக்குள் இருப்பது ஒரே கேள்விதான்: மனிதனே இல்லாத காலத்தில் யார் போய் அளந்தது?

இலைகள் அளந்தன. அந்த அளவு அவற்றின் ஓரங்களில் இன்னமும் இருக்கிறது. அதை எப்படிப் படிக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் மனத்தில் தங்காது. ஓர் ஊரை எடுத்துக்கொண்டு, அங்கே என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தார்கள், எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இருக்கும் புளோரிசன்ட் அந்த ஊர்.

டிசம்பரில் ஒரு மலைப்பயணம்

என் தங்கை குடும்பம் டென்வரில் இருக்கிறது. ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தபோது, பிள்ளைகளுக்குத் தெரியாமல் தங்கையும் அவள் கணவரும் ஒரு திட்டம் போட்டார்கள். “அப்பாவோட ஆபீஸ்ல ஒருத்தங்க வீட்டுக்குச் சாப்பிடப் போறோம்” என்று சொல்லிப் பிள்ளைகளைக் காரில் ஏற்றியாயிற்று. கம்பளிச் சட்டைகளும் பனிக்காலணிகளும் முந்தின இரவே பின்பக்கப் பெட்டிக்குள் போய்விட்டிருந்தன. கொலராடோ ஸ்பிரிங்ஸைத் தாண்டி, சாலை மேற்கே மலைக்குள் திரும்பி ஏறத் தொடங்கியதும் பன்னிரண்டு வயது மூத்தவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாயங்காலம் இருட்டுவதற்குள், நான்கு பக்கமும் வெள்ளை வெளேரென்று உறைபனி மூடிய ஒரு மரக்கட்டை வீட்டின் முன்னால் கார் நின்றது. உள்ளே இரும்பு அடுப்பு, அதன் பக்கத்தில் பிளந்து அடுக்கிய பைன் விறகு. பிள்ளைகள் போட்ட கூச்சலை இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலை புளோரிசன்ட் புதைபடிவத் தேசிய நினைவிடத்துக்குப் போனோம். புதைபடிவம் என்றால், மண்ணுக்குள் புதைந்து, பாறையோடு பாறையாகப் பதிந்துபோன உயிர்களின் எச்சம். இடம் கடல்மட்டத்திலிருந்து 2,500 மீட்டருக்கு மேல். நம் ஊட்டியைவிட உயரம். ஆண்டு முழுவதற்கும் சராசரி எடுத்தால் இன்று இங்கே வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ் அளவில்தான். நாங்கள் நடந்த பாதையில் பனி கணுக்காலுக்கு மேல் இருந்தது. சுற்றிலும் பாண்டரோசா பைன், டக்ளஸ் ஃபிர், இலையுதிர்த்து வெளுத்து நின்ற ஆஸ்பென்.

அவற்றுக்கு நடுவே கல்லாகிப்போன பெரிய அடிமரம் ஒன்று நிற்கிறது. அடி அகலம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர். நாங்கள் ஐந்து பேரும் கையோடு கை கோத்தாலும் சுற்றிவளைக்க முடியாது. தேனும் துருவும் கலந்த நிறம். மேலே பனி ஒரு தொப்பி அளவுக்கு உட்கார்ந்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் மரத்தின் நார் ஓடிய வாக்கு, ஆண்டு வளையங்கள் எல்லாம் அப்படியே தெரிகின்றன. உச்சியில், துருப்பிடித்து முறிந்த ரம்பத் தகடுகள் கல்லுக்குள் சிக்கிக்கொண்டிருக்கின்றன. 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சிக்காக இதைத் துண்டுதுண்டாக அறுத்துக் கொண்டுபோக நினைத்தார்கள் என்கிறார்கள். ரம்பம் தோற்றது.

அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு மூத்தவள் என்னிடம் வந்தாள்.

“பெரியம்மா, இது ரெட்வுட்டாம். ரெட்வுட் கலிபோர்னியாவுல கடலோரத்துலதானே இருக்கும்? இந்தப் பனியில எப்படி?”

சரியான கேள்வி. உலகிலேயே மிக உயரமாக வளரும் மர இனம் ரெட்வுட். இன்று அது இயற்கையாக வாழ்வது பசிபிக் கடலின் மூடுபனி தவழும் ஒரு குறுகிய கரையோரப் பட்டையில் மட்டும். கடுங்குளிர் அதற்கு ஆகாது. டிசம்பரில் மூக்கு நுனி மரத்துப்போகும் இந்த மேட்டில், 70 மீட்டர் உயர்ந்திருக்கக்கூடிய ஒரு ரெட்வுட் சில நூறு ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது என்றால், இடம் மாறியிருக்க வேண்டும் அல்லது காலநிலை மாறியிருக்க வேண்டும்.

நின்ற இடத்திலேயே கல்லானவை

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்த மரங்கள் இங்கேயேதான் வளர்ந்தனவா, எங்கிருந்தோ அடித்துவரப்பட்டவையா?

விழுப்புரத்துக்குப் பக்கத்தில் திருவக்கரைக் கல்மரப் பூங்காவைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் எடை தெரியும். அங்கே கல்லான மரங்கள் படுத்துக் கிடக்கின்றன. வேர் இல்லை, கிளை இல்லை, பட்டை இல்லை. ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளம் அவற்றை வேறெங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்தது. ஆகவே திருவக்கரை மரத்தை வைத்துத் திருவக்கரையின் பழைய காலநிலையைச் சொல்லத் துணிவது கடினம்.

புளோரிசன்ட் மரங்கள் நிமிர்ந்து நிற்கின்றன; வேரும் நிலத்தில் ஊன்றியபடியே இருக்கிறது. தென்மேற்கே கஃபி என்ற இடத்தைச் சுற்றி அப்போது எரிமலைகள் இருந்தன. எரிமலைச் சரிவில் குவிந்த சாம்பலோடு நீர் கலந்தால், குழைத்த சிமென்ட் போன்ற ஒரு கலவை பள்ளத்தாக்கு வழியாகப் பாய்ந்து வரும். இதை எரிமலைச் சேற்றாறு என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட ஒரு சேற்றாறு இந்தக் காட்டுக்குள் புகுந்து, மரங்களின் அடிப்பகுதியை ஏறக்குறைய ஐந்து மீட்டர் உயரத்துக்கு மூடியது. மரங்கள் மூச்சடைத்துச் செத்தன. சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த பகுதி காலப்போக்கில் உளுத்து விழுந்தது. உள்ளே இருந்த பகுதிக்குக் காற்றுப் படவில்லை. அதனால் அழுகல் மெதுவானது. எரிமலைச் சாம்பலில் சிலிக்கா நிறைய உண்டு. நிலத்தடி நீர் அதைக் கரைத்து எடுத்துக்கொண்டு மரத்துக்குள் ஊறி, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் விட்டுச்சென்றது. மரம் முழுவதுமாக அழுகுவதற்குள் கல் அதன் உள்ளே நிறைந்துவிட்டது. வளையங்கள்கூட அழியாமல் இருப்பது இதனால்தான். அந்த வளையங்களை அளந்து பார்த்தவர்கள், அவை இன்றைய கலிபோர்னிய ரெட்வுட்களின் வளையங்களைவிடச் சராசரியாக அகலமானவை என்று கண்டார்கள். மரங்கள் இங்கே செழிப்பாகவே வளர்ந்திருக்கின்றன.

காலத்தை எப்படிக் கணித்தார்கள்? எரிமலைப் பொருளோடு சேர்ந்து வந்த சானிடைன் என்ற கனிமத் துணுக்குகளில் பொட்டாசியம் இருக்கிறது. அதில் மிகச் சிறு பங்கு, மாறாத வேகத்தில் ஆர்கான் வாயுவாக மாறிக்கொண்டே வரும். அந்த வாயு படிகத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். எவ்வளவு ஆர்கான் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் எரிமலை கக்கிய காலம் தெரிந்துவிடும். புளோரிசன்ட் படிவுகளுக்கு இப்படிக் கிடைத்த வயது 3 கோடியே 40 லட்சத்துச் சொச்சம் ஆண்டுகள். இதில் ஒரு லட்சம் ஆண்டு முன்பின் இருக்கலாம்.

ஏரியின் அடியில்

பின்னால் வந்த இன்னொரு சேற்றாறு பள்ளத்தாக்கின் ஓடையைக் குறுக்கே அடைத்தது. தண்ணீர் தேங்கி ஏரியானது. மரங்களை விட்டுவிட்டு இப்போது இந்த ஏரிக்கு வர வேண்டும். நம் வெப்பமானி இதன் அடியில்தான் இருக்கிறது.

ஏரி நீரில் டயாட்டம் என்ற நுண்பாசி பெருகியது. ஒரே செல்லால் ஆன உயிர்; சிலிக்காவால் தனக்கொரு கண்ணாடிக் கூடு கட்டிக்கொள்ளும். சாம்பலில் இருந்து கரைந்து வந்த சிலிக்கா அதற்கு நல்ல தீனி. பாசி பெருகிச் செத்து, பிசுபிசுப்பான மெல்லிய படலமாக அடியில் போய் உட்காரும். அதன் மேல் மழை அடித்துவந்த சாம்பல் களிமண் ஒரு படலம். மறுபடி பாசி, மறுபடி களிமண். இப்படிப் படிந்து இறுகிய பாறையைத் தாள்பாறை என்று சொல்லலாம். பார்வையாளர் மையத்தில் அதன் துண்டுகளை அருகில் வைத்துக் காட்டுகிறார்கள். ஓரத்திலிருந்து பார்த்தால் அடுக்கிவைத்த அப்பளக் கட்டு மாதிரி இருக்கிறது. மெல்லிய கத்தியை ஓர் இடுக்கில் கொடுத்து நெம்பினால் இரண்டாகப் பிரியும். பிரிந்த இரு முகங்களிலும், அதிர்ஷ்டம் இருந்தால், ஓர் இலையோ கொசுவோ பழுப்பு நிறத்தில் படிந்திருக்கும்.

பாசியின் பிசின் அழுகலைத் தடுத்ததால் இங்கே கிடைக்கும் நுணுக்கம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. 1,500க்கும் மேற்பட்ட பூச்சி, சிலந்தி இனங்களுக்கு இங்கே கிடைத்தவற்றைக் கொண்டு பெயர் சூட்டியிருக்கிறார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த சார்லட் ஹில் என்ற பெண் கண்டெடுத்த வண்ணத்துப்பூச்சி ஒன்றைச் சாமுவேல் ஸ்கடர் 1878இல் விவரித்தார். அதன் இறக்கையில் இருந்த வண்ண வடிவங்கள்கூடத் தெரியும். இப்போது அது ஹார்வர்டு பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்கு அந்த மையத்தில் கண்ணை எடுக்க முடியாமல் போனது இலைகளிடம். உள்ளங்கையைவிடச் சிறியது ஒன்று. நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் ஒரே சாய்வில் ஓரம் வரை ஓடி, ஒவ்வொன்றும் ஒரு கூரான பல்லில் போய் முடிகின்றன. ஃபாகோப்சிஸ் என்று பெயர். ஓக் மரத்துக்கும் பீச் மரத்துக்கும் தூரத்து உறவு, அழிந்துபோன இனம். புளோரிசன்ட்டில் மிக அதிகமாகக் கிடைப்பவற்றில் இதுவும் ஒன்று. அதோடு கோயல்ரூட்டீரியா என்ற மரத்தின் இலைகளும் காய்களும் கிடைக்கின்றன. இன்று அது கிழக்கு ஆசியாவில் வளர்கிறது. நம் பூந்திக்கொட்டையும் முடக்கத்தானும் சேர்ந்த குடும்பம்.

ஓரத்தைப் பாருங்கள்

இனி வெப்பமானிக்கு வருவோம். இதைப் படிக்கும்போது பக்கத்தில் தோட்டம் இருந்தால் எழுந்து போய் நான்கு இலை பறித்து வாருங்கள். மாவிலை, பலா, புங்கை, நாவல், புன்னை, ஆல், அரசு: எதை எடுத்து விரலால் ஓரத்தைத் தடவினாலும் வழுவழுவென்று ஓடும். வேப்பிலையில் மட்டும் விரல் தட்டும்; அதன் ஓரம் ரம்பம். வழுவழுப்பானதை முழுவோரம் என்றும் ரம்பம் போன்றதைப் பல்லோரம் என்றும் அழைப்போம்.

குளிர்நாட்டுக் காட்டுக்குப் போனால் நிலைமை தலைகீழ். பிர்ச், எல்ம், மேப்பிள், ஆல்டர், செர்ரி என்று எங்கு பார்த்தாலும் பல்லோரம். இந்த வேறுபாட்டை உலகளவில் தொகுத்து, வெப்பம் கூடக்கூட முழுவோர இனங்களின் பங்கு கூடுகிறது என்று 1915இல் எடுத்துக்காட்டியவர்கள் இர்விங் பெய்லி, எட்மண்ட் சின்னட் என்ற இரண்டு அமெரிக்கத் தாவரவியலாளர்கள். பிற்பாடு ஜாக் வுல்ஃப் என்பவர் கிழக்கு ஆசியக் காடுகளின் தரவுகளைத் திரட்டி 1979இல் அதை எண்ணாக்கினார். குளிர்ந்த வடக்கிலிருந்து வெப்பமண்டலம் வரை ஈரம் குறையாத காடு தொடர்ந்து இருப்பது அந்தப் பகுதியில்தான் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்.

அவருடைய தரவிலிருந்து கிடைத்த விதி ஒரு வரியில் அடங்கும். முழுவோர இனங்களின் பங்கு பத்து சதவீதம் கூடினால் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய மூன்று டிகிரி கூடியிருக்கும். முழுவோர இனமே இல்லாத காட்டுக்கு ஒரு டிகிரி.

ஒரு கணக்கு

கணக்குக்காக நாமே ஓர் ஏரியை வைத்துக்கொள்வோம். அதன் தாள்பாறையைப் பிளந்து ஆயிரக்கணக்கில் இலைகள் எடுத்தாயிற்று. முதலில் பைன், ரெட்வுட் போன்ற ஊசியிலை மரங்களை ஒதுக்கிவிட வேண்டும். இந்த விதி அகன்ற இலை கொண்ட மரங்களுக்கும் புதர்களுக்கும் மட்டும்தான் செல்லும். புல், பூண்டு, பெரணி எல்லாவற்றையும் ஒதுக்க வேண்டும். ஓரம் சிதைந்துபோன துண்டுகளையும் தள்ளிவிட வேண்டும்.

மிஞ்சியவற்றை இனம் இனமாகப் பிரிக்கிறோம். இங்கேதான் ஆராய்ச்சியாளரின் கண்ணுக்கு வேலை. ஒரே மரத்தில் வெயிலில் இருந்த இலை சிறியதாகவும் நிழலில் இருந்த இலை பெரியதாகவும் இருக்கும். அவற்றை இரண்டு இனமாக எண்ணிவிடக் கூடாது. ஃபாகோப்சிஸ் மாதிரி ஓர் இனம் ஆயிரம் இலை கிடைத்திருந்தாலும் அதற்கு ஒரே ஓட்டுதான். இன்னோர் இனத்தில் ஒரே ஓர் இலை கிடைத்திருந்தாலும் அதற்கும் ஒரு ஓட்டு. ஏரிக்கரையில் நின்ற மரம் நிறைய இலை உதிர்த்திருக்கும், தள்ளி நின்ற மரத்தின் இலை எப்போதோ ஒன்று காற்றில் வந்து விழுந்திருக்கும். எண்ணிக்கையைப் பார்த்தால் கரையோர மரமே காட்டை ஆளும்.

பிரித்து முடித்தபோது 60 இனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் ஓரத்தையும் உருப்பெருக்கியில் பார்க்கிறோம். 39 பல்லோரம், 21 முழுவோரம். அறுபதில் 21 என்பது 35 சதவீதம். பத்து சதவீதத்துக்கு மூன்று டிகிரி என்றால் 35க்குப் பத்தரை டிகிரி. தொடக்கத்தில் இருந்த ஒரு டிகிரியைக் கூட்டினால் பதினொன்றரை. ஏரிக்கரையின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 12 டிகிரிக்குச் சற்றுக் கீழே.

இந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒரே ஓர் இனத்தைத் தவறாகப் பல்லோரத்திலிருந்து முழுவோரத்துக்கு மாற்றிவிட்டால் விடை அரை டிகிரி நகரும். நான்கு இனங்கள் பிசகினால் இரண்டு டிகிரி. இருபது இனங்களே கிடைக்கும் இடத்தில் ஒரு பிசகு ஒன்றரை டிகிரியைத் தின்றுவிடும். ஆகவே இத்தகைய கணக்குகளைப் படிக்கும்போது “எத்தனை இனங்களை வைத்துச் சொன்னீர்கள்?” என்று கேட்கப் பழகிக்கொள்வது நல்லது. எனக்குத் தெரிந்து காலநிலைச் செய்திகளைப் படிப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள கேள்வி இல்லை.

விதியைத் திருப்பிப் போட்டு நம் ஊருக்கும் கேட்கலாம். 28 டிகிரி சராசரி உள்ள ஈரக்காட்டில் பத்து இனத்துக்கு ஒன்பது முழுவோரமாக இருக்க வேண்டும். தெருவில் எண்ணாதீர்கள், தெருமரங்கள் எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து நட்டவை. பழைய கோயில்காடு ஏதாவது பக்கத்தில் இருந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய் எண்ணிப் பார்க்கலாம்.

பல் எதற்கு?

மரக்கட்டை வீட்டின் படிக்கட்டில் பனியை விலக்கியபோது, உதிர்ந்து காய்ந்த ஆஸ்பென் இலை ஒன்று மூத்தவள் கையில் கிடைத்தது. ஓரத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பற்கள். “இது குளிர் மரம், சரிதானே பெரியம்மா?” என்றாள். சரிதான். அடுத்த நொடியே, “பல் இருந்தா குளிர் அடிக்காதா?” என்றும் கேட்டாள்.

குளிர்நாட்டு மரத்துக்கு வளரும் காலம் குறைவு. வசந்தத்தில் மொட்டு விரிந்தவுடனேயே உணவு தயாரிக்கத் தொடங்கிவிட வேண்டும். இளம் இலையில் மற்ற பகுதிகளுக்கு முன்பே பற்கள் முற்றிவிடுகின்றன. நீரும் சாறும் அவற்றை நோக்கி விரைந்து பாய்கின்றன; ஒளிச்சேர்க்கையும் அங்கே முந்தித் தொடங்குகிறது. பருவத்தின் முதல் சில வாரங்களில் இது மரத்துக்கு நல்ல ஆதாயம். ஆனால் பற்கள் வழியே நீர் அதிகமாக வெளியேறும். ஆண்டு முழுவதும் வெயிலடிக்கும் ஊரில் அந்த ஆதாயம் தேவையில்லை, நீரிழப்பு மட்டுமே மிச்சம். அதனால் அங்கே வழுவழுப்பான ஓரம் நிலைத்துவிடுகிறது.

ஒரே இனத்துக்குள்ளேயே இதைப் பார்க்க முடியும். அமெரிக்காவின் சிவப்பு மேப்பிள் வடக்கிலிருந்து ஃபுளோரிடா வரை வளர்கிறது. வெவ்வேறு ஊர் விதைகளை எடுத்துக் குளிர்ந்த ரோட் ஐலண்டிலும் வெப்பமான ஃபுளோரிடாவிலும் வளர்த்துப் பார்த்தபோது, குளிர்ந்த தோட்டத்தில் வளர்ந்த கன்றுகளின் இலைகளில் பற்கள் கூடுதலாக இருந்தன. இந்தச் சோதனையைப் படித்த பிறகுதான் இலையோரக் கணக்கின் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. வெறும் ஒட்டுறவாக இருந்த ஒன்றுக்கு அடியில் காரணம் ஒன்று தென்பட்டது.

கணக்கு சறுக்கும் இடம்

1953இல் ஹாரி மக்கினிட்டி புளோரிசன்ட் தாவரங்களைப் பற்றி விரிவான நூல் எழுதினார். அவர் கையாண்டது வேறு வழி: ஒவ்வொரு புதைபடிவத்துக்கும் இன்று உயிரோடு இருக்கும் நெருங்கிய உறவு எது, அது எங்கே வாழ்கிறது என்று பார்ப்பது. அப்படி அவர் போட்ட மதிப்பு 18 டிகிரி வாக்கில் வந்தது. இலையோரத்தையும் இலையின் பிற வடிவங்களையும் கொண்டு பின்னால் வந்தவர்கள் போட்ட கணக்குகள் பெரும்பாலும் 11 முதல் 14 டிகிரிக்குள் விழுகின்றன.

எது சரி? உறவினரை வைத்து ஊரைக் கண்டுபிடிப்பதில் ஆபத்து உண்டு. புளோரிசன்ட்டில் செட்சி ஈயின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. இன்று அந்த ஈ வாழ்வது சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்காவில். அதை மட்டும் நம்பினால் கொலராடோவை வெப்பமண்டலம் ஆக்கிவிடுவோம்; பக்கத்திலேயே நிற்கும் ரெட்வுட் அதற்கு ஒத்துவராது. மூன்று கோடி ஆண்டில் ஓர் இனத்தின் சந்ததி தன் விருப்பங்களை மாற்றிக்கொண்டிருக்கலாம். இலையோரம் உறவுமுறை பார்ப்பதில்லை என்பதால் இந்தச் சிக்கல் அதற்கு இல்லை.

ஆனால் இலையோரத்துக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. அது புளோரிசன்ட்டில் நேராக இடிக்கிறது. நீர்க்கரையில் வளரும் மரங்களில் பல்லோர இனங்கள் இயல்பாகவே அதிகம், வெப்பமான நாட்டிலும்கூட. தண்ணீருக்குப் பஞ்சமில்லாத இடத்தில் பல்லால் வரும் நீரிழப்பு ஒரு பொருட்டல்ல. இலைகள் புதைபடிவமாவதோ பெரும்பாலும் ஏரியிலும் ஆற்றிலும்தான். ஆகவே இந்த முறை உண்மையான வெப்பத்தைச் சில டிகிரி குறைத்தே காட்டும். அப்படிப் பார்த்தால் 11 என்ற எண்ணைவிட 14ஐ ஒட்டிய எண்ணே எனக்குச் சரியாகப் படுகிறது.

எந்த எண்ணை எடுத்தாலும் இன்றைய 4 டிகிரியைவிட அது மிகவும் மேலே. சராசரி 14 டிகிரி என்பது ஏறக்குறைய இன்றைய ஊட்டி. ரெட்வுட்டுக்குப் போதும்.

மலை உயர்ந்ததா, உலகம் குளிர்ந்ததா?

மக்கினிட்டி இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்: அந்தக் காலத்தில் புளோரிசன்ட் ஆயிரம் மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருந்தது, பின்னால் மலை உயர்ந்து குளிர் வந்தது. கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஐந்தாறு டிகிரி குறையும் என்பது ஊட்டிப் பேருந்தில் ஏறிய எவருக்கும் தெரியும். ஆனால் இலை வடிவங்களைக் கொண்டு பிற்காலத்தில் போட்ட உயரக் கணக்குகளில் பெரும்பாலானவை, ஏரி ஏற்கெனவே இன்றைய உயரத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தது என்று காட்டின. அவற்றுக்குள் வேறுபாடு நிறைய. குறைந்தது 1,900 மீட்டர், கூடியது 4,000 மீட்டரையும் தாண்டும். ஆனாலும் மக்கினிட்டியின் தாழ்நிலம் அவற்றில் எதிலும் இல்லை.

நிலம் ஏறவில்லை என்றால் உலகம் இறங்கியிருக்க வேண்டும். அது நடந்ததற்குப் புளோரிசன்ட்டைத் தாண்டி வேறு சாட்சிகள் இருக்கின்றன. ஏறக்குறைய 3 கோடியே 39 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, புவியியல் கணக்கில் கண்ணிமைக்கும் நேரமான சில லட்சம் ஆண்டுகளுக்குள், அண்டார்க்டிகாவில் பெரும் பனிப்படலம் உருவானது. கடலடிச் சேற்றில் புதைந்த நுண்ணுயிர்க் கூடுகளின் ஆக்சிஜனில் அந்தத் தடம் பதிந்திருக்கிறது. அதுவரை காற்றில் கரியமில வாயு இன்றைய அளவைவிட மிக அதிகமாக இருந்தது. அது குறைந்துகொண்டே வந்து ஓர் எல்லையைத் தாண்டியபோது துருவம் உறைந்தது. தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் இடையே கடல்வழி திறந்ததும் இதற்கு உதவியிருக்கலாம். புளோரிசன்ட் ஏரி வாழ்ந்தது இந்தச் சரிவுக்குச் சற்று முன்பு, பழைய வெப்ப உலகத்தின் கடைசிக் கட்டத்தில்.

புல்டோசர்கள் காத்திருந்த நாள்

இவ்வளவும் நமக்குத் தெரியாமலே போயிருக்கலாம். 1960களின் இறுதியில் இந்தப் பள்ளத்தாக்கை மனை மனையாகப் பிரித்து மலை ஓய்வு வீடுகள் கட்டத் திட்டம் வந்தது. தாள்பாறையின் மேல் சாலை வெட்டினால் அது பொடியாகிவிடும். ஒட்டிச் சேர்க்க வழியில்லை. மகரந்தப் புதைபடிவ ஆய்வாளர் எஸ்டெல்லா லியோபோல்டும், சூழலியலாளர் பியாட்ரிஸ் வில்லார்டும், வழக்கறிஞர் விக்டர் யானகோனும், அவர்களோடு நின்ற உள்ளூர்க்காரர்களும் 1969 கோடையில் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வேலையைத் தொடங்க எந்திரங்கள் தயாராக நின்றபோது டென்வர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட, இடம் தேசிய நினைவிடமானது.

  

ரெட்வுட் போன பிறகு

புளோரிசன்ட்டில் அந்த ஏரிக்குப் பிந்தைய இலைப் படிவுகள் இல்லை. குளிர்ந்த பிறகு என்ன நடந்தது என்று பார்க்க, அதே மாநிலத்தில் தென்மேற்கே கிரீட் என்ற சுரங்க ஊருக்குப் போக வேண்டும். ஏறக்குறைய 2 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, வெடித்துச் சரிந்த ஒரு மாபெரும் எரிமலை வாயில் அங்கேயும் ஏரி ஒன்று தேங்கியது. அங்கேயும் இலைகள் படிந்தன. அவற்றில் ஃபிர், ஸ்புரூஸ், பைன், ஜூனிப்பர் கொட்டிக் கிடக்கின்றன. ஃபாகோப்சிஸ் இல்லை, ரெட்வுட்டும் இல்லை. ரெட்வுட்டின் வழித்தோன்றல்கள் குளிர் எட்டாத மேற்குக் கடலோரத்தில் மட்டும் தங்கிவிட்டன.

கிரீட்டில் இலையோரத்தை எண்ண முனைபவருக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஊசியிலை மரங்களை ஒதுக்கிவிட்டால் கையில் மிஞ்சும் அகன்ற இலை இனங்கள் மிகக் குறைவு. ஒரு பிசகு பல டிகிரியை விழுங்கிவிடும். அதனால் அங்கே ஆராய்ச்சியாளர்கள் ஓரத்தை நம்பியிராமல், எந்த ஊசியிலை மரம் இன்று எந்தக் குளிர் வரை தாங்குகிறது என்ற பழைய உறவினர் கணக்கையே மறுபடி கையில் எடுக்க வேண்டியிருக்கிறது.